முத்து கட்டாத கதவு

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஆபீசுக்கு நகையைத் தொலைத்தவர்கள் வருவார்கள், நாயைத் தொலைத்தவர்கள் வருவார்கள், ஒரு தடவை மாமனாரைத் தொலைத்தவர்கூட வந்தார். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் படியேறி வந்தவர் தொலைத்திருந்தது தன் நல்ல பெயரை.

ஐம்பது வயது இருக்கும். தோள் இரண்டும் பாறை மாதிரி. கையில் இரண்டு தகர டப்பாக்கள்.

"துப்பறியறவங்க நீங்கதானேம்மா?"

"நான்தான். உட்காருங்க."

"அப்ப இவரு?"

"அவங்க வீட்டுக்காரருக்குத் தம்பி," என்றான் ஜன்னலோரம் நின்றவன். "அவங்க மூளை, நான் ஸ்கூட்டர்."

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவள் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வண்டி சர்வேயராக இருந்தவள். நசுங்கிய காரைப் பார்த்தாலே, நசுக்கியது லாரியா, எருமையா, இல்லை கிளெய்முக்காக ஓனரே சுத்தியலால் தட்டியதா என்று சொல்லிவிடுவாள். கம்பெனியை விட்டு வந்து சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தபோது, வேலை இல்லாமல் இருந்த கொழுந்தனையும் கூட்டிக்கொண்டாள். அவனுக்கு வாய் மட்டும் எப்போதும் வேலையில் இருந்தது.

வந்தவர் வீடு வீடாகப் போய் கார்களுக்கு மெழுகு போடுகிறவர். அவர் கை பட்ட வண்டி பளிங்கு மாதிரி ஆகிவிடும் என்பதால் அவர் பெயரே பளிங்கு ஆகிவிட்டது. டப்பாக்களை மேசையில் வைத்தார்.

"ரெண்டையும் தொட்டுப் பாருங்க."

கொழுந்தன் முந்திக்கொண்டான். முதல் டப்பாவில் கட்டைவிரலை அழுத்தினான். விரல் வலித்தது, மெழுகு அசையவில்லை. இரண்டாவதில் அதே பலத்தோடு அழுத்தினான். விரல் கணு வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"இது தலைக்குத் தடவலாமா?"

"முன்னது கட்டி மெழுகு. பின்னது க்ரீம் மெழுகு," என்றார் பளிங்கு. "கட்டி மெழுகு போடத் தோள் வேணும். மெல்லிசா இழுக்கணும், சாம்பல் பூத்த மாதிரி வெளுக்கிற வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம் துடைக்கணும். கொஞ்சம் லேட்டானா கை கழண்டுடும். ஆனா மாசக்கணக்குல நிக்கும். மேல தண்ணி விழுந்தா முத்து முத்தா உருண்டு நிக்கும்."

"க்ரீம்?"

"அஞ்சு நிமிஷ வேலை. சின்னப் பிள்ளைகூடப் போடலாம். பார்க்க ஈரமா மினுமினுங்கும், முடி மாதிரி கீறல் இருந்தா ரொப்பி மறைச்சுடும். ஆனா நாலு தடவை கழுவினா காணாமப் போயிடும்."

"அப்ப எதுதான் நல்லது?" என்றான் கொழுந்தன், விரலைப் பேன்டில் துடைத்தபடி.

"வண்டி நம்மகிட்டயே இருக்கப் போகுதுன்னா கட்டி. நாளைக்கு எவன் தலையிலயாவது கட்டப் போறோம்னா க்ரீம்." பளிங்கு சிரிக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷமா நான் கட்டி மெழுகைத் தவிர எதையும் தொட்டதில்லைம்மா. ஆனா பழைய கார் சங்கத்துல பல் டாக்டர் எழுந்து நின்னு, 'இவன் கட்டி மெழுகுன்னு சொல்லி க்ரீமைத் தடவிட்டுப் போறான், ஏமாத்துக்காரன்'னு சொல்லிட்டாரு. நான் அங்க இல்ல. மூணு வீட்டுல இனிமே வராதேன்னுட்டாங்க. என் மகளை வேலை செய்யற இடத்துல ஒருத்தங்க கேட்டிருக்காங்க, உங்க அப்பா ஏமாத்துறவராமேன்னு. அவ சாப்பிடாம வந்து படுத்துட்டா."

கொழுந்தன் வாயை மூடிக்கொண்டான். அபூர்வமான காட்சி.

"டாக்டர் எதை வச்சுச் சொன்னாரு?"

"போன வாரம் சங்கச் செயலாளர் அவர் வண்டியைப் பரிசோதிக்கப் போயிருக்காரு. தண்ணி தெளிச்சிருக்காரு. இடது முன் கதவுல மட்டும் முத்து கட்டலையாம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மைதானத்துல கூட்டம். சங்கத்துக்காரங்க வேலைக்குக் கூப்பிடற லிஸ்டுல இருந்து என்னை எடுக்கப் போறாங்க."

அண்ணி கைப்பையை எடுத்தாள். "தம்பி, ஸ்கூட்டர்."

பல் டாக்டர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. கிளினிக்கை மூடிவிட்டாரே தவிர, பழக்கத்தை மூடவில்லை. எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் குனிவார், கண்ணாடியைச் சரித்துக்கொள்வார், தன்னையறியாமல் வாயை 'ஆ' என்று திறப்பார். எதிரில் இருப்பவரும் திறந்துவிடுவார்.

ஷெட்டில் நின்ற கார் மை நீலம். ஐம்பத்திரண்டு வயது. டாக்டரின் மனைவியுடைய அப்பா வாங்கிய வண்டி, இப்போதும் மனைவி பெயரில்தான் இருக்கிறது. கதவுப் பக்கம் டாக்டர் குனிந்து, "இங்க பாருங்க, ஆ..." என்றார். கொழுந்தன் வாய் திறந்துகொண்டது.

"உன்னை இல்ல தம்பி," என்றாள் அண்ணி. "டாக்டர், ஒரு மக் தண்ணி ஊத்திப் பார்க்கலாமா?"

"ஒரு மக். அதுக்கு மேல கிடையாது. ஞாயித்துக்கிழமை கண்காட்சி இருக்கு."

அவள் பாதியைப் பானெட்டில் தெளித்தாள். நூறு முத்துகள் உருண்டு நின்றன. மீதியை இடது கதவில் தெளித்தாள். தண்ணீர் சோம்பேறித்தனமாகப் பரவி, தட்டையாக வழிந்தது.

"பார்த்தீங்களா? ஏமாத்துவேலை!" என்றார் டாக்டர்.

"முழு வண்டிக்கும் ஒழுங்கா போட்டுட்டு, எல்லார் கண்ணுலயும் படற ஒரே ஒரு கதவுல மட்டும் ஏமாத்தினாரா?" என்றான் கொழுந்தன். "நானா இருந்தா கூரையில ஏமாத்துவேன். யார் ஏணி வச்சுப் பார்க்கப் போறா?"

"அது அவனைத்தான் கேக்கணும்."

அண்ணி கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, கதவு இடுக்கில் மெதுவாக ஓட்டினாள். ஊசியின் நுனியில் மேலே பிசுபிசுப்பாகக் கொஞ்சம். அதற்கு அடியில், சுண்ணாம்புப் பொடி மாதிரி காய்ந்த வெள்ளை. அதை ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றி வந்து நாலு டயரையும் குனிந்து பார்த்தாள். பின்னால், வலது மட்கார்டில் ஒரு விரலை ஓட்டினாள்.

"வண்டியை யார் ஓட்டறீங்க?"

"யாரும் இல்ல!" டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "வேற ஊர்ல இருக்கிற எங்க பொண்ணு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. வயசாயிடுச்சு, ஸ்டீரிங்கைத் தொடக் கூடாதுன்னு. ஆறு மாசமா வண்டி கேட்டைத் தாண்டல. வாரத்துக்கு ஒரு தடவை இன்ஜினை மட்டும் ஓடவிடுவேன்."

அந்த நேரத்தில் டாக்டரின் மனைவி டீ கொண்டு வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தட்டை இடது கையில் ஏந்தியிருந்தார். வலது தோளில் வலி மருந்து வாசனை.

"தோள் வலியா டீச்சர்?" என்றாள் அண்ணி.

"தூக்கத்துல சுளுக்கிக்கிச்சு," என்றார் டீச்சர். "இவர் சொல்றதை அப்படியே நம்பாதீங்க. அந்தப் பளிங்கு எவ்வளவு நல்ல மனுஷன். எங்கேயோ தப்பு நடந்திருக்கு."

வெளியே வந்ததும் கொழுந்தன் ஸ்கூட்டரை உதைத்தான். "என்ன கிடைச்சுது அண்ணி?"

"அடியில காய்ஞ்ச கட்டி மெழுகு. மேல க்ரீம். பளிங்கு போட்டுட்டுப் போன பிறகு யாரோ அந்தக் கதவுல மட்டும் க்ரீம் பூசியிருக்காங்க. க்ரீம் எதுக்கு உதவும்னு அவர் சொன்னாரே?"

"நாளைக்கு எவன் தலையிலயாவது கட்ட."

"அதுக்கு முன்னாடி சொன்னது."

"கீறலை மறைக்க!" கொழுந்தன் பிரேக் போட்டான். பின்னால் வந்தவன் திட்டினான். "ஆனா கேட்டைத் தாண்டாத வண்டிக்குக் கீறல் எப்படி?"

"அதே மாதிரி, அவங்க தெருவுல போன வாரம்தான் தார் போட்டிருக்காங்க. கேட்டைத் தாண்டாத வண்டியோட நாலு டயர்லயும் புதுத் தார் ஒட்டியிருக்கு. வண்டியை ஓட்டு. ஊர்ல கார் மெழுகு விக்கிற கடை ஒண்ணே ஒண்ணுதான்."

கடைக்காரம்மா ஷாம்பூ பாட்டில்களுக்கும் துடைக்கும் துணிகளுக்கும் நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். க்ரீம் மெழுகு என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"என்கிட்ட வர்றவங்க எல்லாம் கட்டி மெழுகுதான் கேப்பாங்க. க்ரீம் வருஷத்துக்கு நாலு போனா பெரிசு. ஆனா இந்த மாசம் ஒரே வாரத்துல ரெண்டு போச்சு."

"யாரு வாங்கினா?"

"முதல்ல ஒருத்தர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்துல மப்ளர். இந்த வெயில்ல மப்ளர்! சைக்கிளுக்குன்னு சொன்னாரு."

"சைக்கிளுக்கு மெழுகு பூசறவன் ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல பொய் சொல்லணும்," என்றான் கொழுந்தன்.

"டப்பாவைத் திறந்து சுண்டுவிரல் நுனியில தொட்டாரு. இந்த ஸ்டீல் தட்டுல சின்னச் சின்ன வட்டமா, பல்லு தேய்க்கிற மாதிரி பூசினாரு. அப்புறம் கண்ணாடியைச் சரிச்சு உத்துப் பார்த்தாரு பாருங்க..." கடைக்காரம்மா வெட்கத்தோடு சிரித்தார். "அவரு வாயைத் திறந்தாரு. ஏன்னே தெரியல, நானும் திறந்துட்டேன்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் வாய் நிஜமாகவே பிளந்திருந்தது.

"டாக்டரே! தன் வண்டியைத் தானே கீறிட்டு, பழியை அந்த மனுஷன் மேல போட்டிருக்காரு!"

"மெதுவா பேசு. ரெண்டாவது டப்பா யாருக்குப் போச்சு?"

கடைக்காரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அண்ணியின் காதில் ஏதோ சொன்னார். அண்ணி முதலில் புருவத்தை உயர்த்தினாள். பிறகு கவுன்டரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

"என்ன அண்ணி? எனக்கும் சொல்லுங்க!"

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நீயே பார்ப்பே."

"அதுவரைக்கும் நான் உயிரோட இருக்க வேண்டாமா?"

அவள் சொல்லவில்லை. சனிக்கிழமை டாக்டருக்குப் போன் மட்டும் செய்தாள். "நீங்களே எழுந்து உண்மையைச் சொல்லிட்டா நான் வாயே திறக்க மாட்டேன் டாக்டர்," என்றாள். மறுமுனையில் "அந்த ஆளு ஏமாத்தினான். அவ்வளவுதான்," என்று போன் வைக்கப்பட்டது.

மைதானத்தில் பதினான்கு பழைய கார்கள் வரிசையாக நின்றன. மை நீலத்தைச் செயலாளரின் டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்து விட்டிருந்தார். நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பளிங்கு கடைசி வரிசைக்கும் பின்னால், வேலிக் கம்பி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

செயலாளர் காகிதத்தைப் பிரித்துத் தொண்டையைக் கனைத்தபோது, அண்ணி கையைத் தூக்கினாள்.

"ஒருத்தரை நீக்கறதுக்கு முன்னாடி ஒரு கதவைக் கழுவிப் பார்த்துடலாமே. பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணி க்ரீமை ஒரே கழுவல்ல எடுத்துடும். பளிங்கு ஏமாத்தியிருந்தா கதவு வெறுமையா நிக்கும். ஏமாத்தலைன்னா அடியில கட்டி மெழுகு இருக்கும், ஒரு கழுவலுக்கு அது அசையாது."

"என் வண்டி மேல சோப்பா!" டாக்டர் துள்ளி எழுந்தார். "முடியாது!"

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

எல்லாத் தலைகளும் திரும்பின. முதல் வரிசையில் டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தார். "என் பேர்ல. கழுவுங்க. எனக்கும் உண்மை தெரிஞ்சாகணும்."

"ஏம்மா, நீ சும்மா..."

"நீங்க உட்காருங்க."

டாக்டர் உட்கார்ந்தார். கொழுந்தன் வாளியோடு வந்தான். நாற்பது பேர் பார்க்க வேலை செய்வது அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. துணியைச் சுழற்றிச் சுழற்றி இடது கதவைத் தேய்த்தான். நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்தான். பிறகு ஒரு கை நீரைத் தெளித்தான்.

முத்துகள். பானெட்டில் நின்ற அளவுக்குக் கெட்டியாக இல்லை, ஆனாலும் முத்துகள்தான். அவற்றுக்கு நடுவே, கைப்பிடிக்குக் கீழே, அரை ஜாண் நீளத்துக்கு ஒரு கீறல் கண் விழித்தது. கீறலுக்குள் மஞ்சள் பெயிண்ட்.

"உங்க வீட்டுக்குப் பக்கத்துல மஞ்சள் தூண் நூலக வாசல்ல மட்டும்தானே இருக்கு டாக்டர்?" என்றாள் அண்ணி.

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். நாலு பக்கமும் பார்த்தார். தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்ததும் அவர் குரல் சுருங்கிப்போனது.

"சனிக்கிழமை இவ ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் போவா. அப்ப நூலகம் வரைக்கும்... ரெண்டே ரெண்டு தெருதான். திரும்பும்போது தூண் உரசிடுச்சு. க்ரீம் பூசி மறைச்சேன். செயலாளர் வந்து இந்தக் கதவு மட்டும் ஏன் இப்படின்னு கேட்டதும் வாயில வந்ததைச் சொல்லிட்டேன். ஒரு தடவை சொன்ன பிறகு நிறுத்த முடியல."

"பொண்ணுக்குச் சத்தியம் பண்ணிட்டு!" டீச்சர் பொரிந்து தள்ளினார். "ஒரு அப்பாவி மேல பழி போட்டுட்டு! நாற்பத்தோரு வருஷம் உங்களோட குடும்பம் நடத்தினேனே! இந்த வயசுல திருட்டுத்தனமா வண்டி ஓட்டறதுக்கு வெட்கமா இல்ல?"

கூட்டத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். டாக்டர் நாற்காலிக்குள் இன்னும் ஒரு அங்குலம் இறங்கினார்.

"தம்பி," என்றாள் அண்ணி, "வாளியில மிச்சம் இருக்கா?"

"பாதி இருக்கு அண்ணி."

"வீணாக்காதே. பின்னாடி, வலது பக்க மட்கார்டுல ஊத்து."

"அதெல்லாம் வேண்டாம்!" டீச்சரின் குரல் கீச்சென்று உயர்ந்தது. "அந்தப் பக்கம் சுத்தமாத்தான் இருக்கு! தண்ணியை எதுக்கு வீணாக்கணும்?"

கொழுந்தனுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டாவது டப்பா! அவன் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. வாளியைத் தலைக்கு மேல் தூக்கி அப்படியே கவிழ்த்தான். நாலு தேய்ப்பு. மட்கார்டின் வளைவில், முழு ஜாண் நீளத்துக்கு, வெள்ளையாக ஒரு கீறல்.

"கடையில ஒரு அம்மா வந்து, 'தோள் வலிக்காம போடற மெழுகு இருக்கா'ன்னு கேட்டிருக்காங்க," என்றாள் அண்ணி. "அவங்களுக்கும் சைக்கிளுக்குத்தான். போற போக்குல கடைக்காரம்மாவோட பில்லுல ஒரு கூட்டல் தப்பைத் திருத்திட்டுப் போனாங்களாம்."

டாக்டர் மெல்ல எழுந்தார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இழந்த உயரம் முழுவதும் திரும்பி வந்திருந்தது.

"நீயுமா?"

டீச்சர் கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "மத்தியானம் நீங்க தூங்கும்போது. எங்கேயும் போகல. பைபாஸ் ரோட்டுல ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டுட்டு ஒரு சுத்து. ஒரே ஒரு சுத்து. தினமும்."

"தினமுமா!"

"வண்டியைத் திருப்பும்போது பின்னாடி சுவர் இருந்தது தெரியல. அதுக்கென்ன? நான் யார் மேலயும் பழி போடல."

டாக்டர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வேலிக் கம்பி வரைக்கும் போனார். பளிங்கு முன்னால் நின்று, "மன்னிச்சுடுங்க. நீங்க ஏமாத்தல. நான்தான் பொய் சொன்னேன்," என்றார்.

"சத்தமா சொல்லுங்க டாக்டர்," என்றார் பளிங்கு. "அன்னைக்கு நீங்க சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சாம்."

டாக்டர் திரும்பி நின்றார். முழு மைதானத்துக்கும் கேட்கிற மாதிரி, ஒரு வார்த்தையைக்கூட விழுங்காமல், திரும்பச் சொன்னார். பளிங்கு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம். செயலாளர் தன் காகிதத்தை நாலாகக் கிழித்தார்.

கூட்டம் கலைந்ததும் டாக்டரும் டீச்சரும் ஒன்றாகப் பளிங்கிடம் வந்தார்கள். இவ்வளவு ஒற்றுமையாக அவர்களை அண்ணி பார்த்ததில்லை.

"புதன்கிழமை பொண்ணு வர்றா," என்றார் டீச்சர் தணிந்த குரலில். "ரெண்டு நாள்தான் இருப்பா, அவ போற வரைக்கும் தாங்கினா போதும். ரெண்டு கீறல் மேலயும் கொஞ்சமா... அந்த க்ரீம்..."

"வேண்டாம்மா. பெயிண்ட் அடிக்கிறவர்கிட்டக் காட்டுங்க. அது வரைக்கும் நான் கட்டி மெழுகு போட்டுத் தர்றேன். கீறல் நல்லாத் தெரியும். ஆனா துரு பிடிக்காது."

"பொண்ணுகிட்ட என்ன சொல்றது?"

"அதுக்கு என்கிட்ட மெழுகு இல்லைம்மா."

அவர் கையை நீட்டினார். டீச்சர் ஒரு கணம் தயங்கி, சாவியை அதில் வைத்தார். பளிங்கு டிரைவர் சீட்டில் ஏறினார். டாக்டரும் டீச்சரும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் மாதிரி, பின்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"உன்னோடது முழு ஜாண். என்னோடது அரை ஜாண்தான்," என்ற டாக்டரின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"ஆழத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்க," என்றது டீச்சரின் குரல்.

மை நீலம் மெதுவாக நகர்ந்தது. பளிங்கை வர வேண்டாம் என்று சொன்ன மூன்று பேரும் பாதையில்தான் நின்றிருந்தார்கள். ஒதுங்கி வழிவிட்டார்கள். அதில் ஒருவர் மட்டும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஜன்னலுக்குக் குனிந்தார்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை நம்ம வீட்டுப் பக்கம் வர முடியுங்களா?"

பளிங்கு வண்டியை நிறுத்தவில்லை. "டைரியைப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றார்.

அவரிடம் டைரி கிடையாது.